மூணாம் நாள் கோதுமை

முழங்கை வரைக்கும் மூட்டைக்குள்ள கையை விட்டா மென்னானா. உள்ள கோதுமை தானா நகந்துச்சு. வெடுக்குனு வெளிய இழுத்தா, விரல் இடுக்கெல்லாம் கறுப்பு வண்டு, மணிக்கட்டுல பிசுபிசுன்னு பூச்சிக்கூடு. மேல ஒரு சாண்தான் நல்ல கோதுமை. அடியில எலிப்புழுக்கையும் பூசணம் புடிச்ச பச்சை உருண்டையும். முத்தத்து ஓரமாப் போய்த் துப்பிட்டு வந்தா.

அவ அக்கா ஸுஹூர் நேத்து காலையிலதான் செத்தா. மதியமே அடக்கம் முடிஞ்சுது. சாவு வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாது, சாப்பாடெல்லாம் தெருக்காரங்க கொண்டாந்து வைக்கிறாங்க. ஆனா மூணாம் நாள், பொதச்ச எடத்துல, கபர்கிட்ட ஏழைங்களுக்கு அத்திப்பழத்தோட ஒரு ரொட்டி குடுக்கணுமே, அது மட்டும் செத்தவ வீட்டுக் கோதுமையாத்தான் இருக்கணும். அவ பேர்ல போற சாப்பாடு அது. இன்னைக்கு அரைச்சு வச்சாத்தான் நாளைக்கு விடியக்காலம் பொது அடுப்புல சுட முடியும்.

அண்ணன் இத்ரீஸ் ஜமக்காளத்துல சாஞ்சுக்கிட்டு, யாரோ குடுத்தனுப்புன கோழிக்கறியை வழிச்சுத் தின்னுக்கிட்டு இருந்தான். பொண்டாட்டி செத்த நாள்லேருந்து இருவது வருசமா ஸுஹூர்தான் அவனுக்குப் பொங்கிப் போட்டவ.

"அண்ணே, இது ஏது?"

"சந்தையில வாங்குனேன். ஏன்?"

"வந்து பாரு. வண்டு ஊருது."

"அட, சல்லடையில ரெண்டு ஆட்டு ஆட்டு. ஓடிப்போயிரும்."

"அக்கா வாங்குன கோதுமை எங்க? கோடையில நாலு மூட்டை வாங்கி, கழுவி, மொட்டை மாடியில காயப்போட்டேன்னு போன்ல சொன்னாளே?"

எலும்பை உறிஞ்சுக்கிட்டே சொன்னான். "அது வருசம் பூரா வீட்டுக்குத் திங்க. தானத்துக்கு எதுக்கு அது? கபர்ஸ்தான்ல கை நீட்டுறவன் ரொட்டியைப் பிச்சா பாக்கப்போறான்? அரைச்சுட்டா வண்டும் மாவுதான்."

சொல்லிட்டுச் சிரிச்சான் வேற. அவன் சட்டைப் பையிலேருந்து சரக்கறைச் சாவி எட்டிப் பாத்துச்சு. ஸுஹூர் இடுப்புக் கயித்துல கெடந்த சாவி. மய்யித்தைக் குளிப்பாட்ட மென்னானா உள்ள போனப்பவே அந்தக் கயிறு வெறுமனேதான் இருந்துச்சு. குளிப்பாட்டுற பொம்பளைங்க யாராச்சும் கழட்டிருப்பாங்கன்னு நெனச்சிருந்தா.

"எப்ப எடுத்தே அதை?"

"எதை?"

இன்னும் பேசியிருந்தா, அவ வாயில வந்த வசவு பூரா அந்தக் கோழித்தட்டுலதான் விழுந்திருக்கும். மூட்டையைத் தள்ளுவண்டியில ஏத்திக்கிட்டு நேரா மாவு மில்லுக்குப் போயிட்டா.

மில்லுல அஞ்சாறு பொம்பளைங்க. துக்க வீட்டுக்காரின்னு எல்லாரும் வழி விட்டாங்க. மில்லுக்காரர் பூஅஸ்ஸா மூட்டையைத் தொட்டுக்கூடப் பாக்கல.

"ஸுஹூர் வீட்டுக் கோதுமைக்கு நான் என்னைக்கும் மூட்டை பிரிச்சுப் பாத்ததில்ல தாயி. கொட்டு."

"இல்லண்ணே. கையை அடி வரைக்கும் விட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

விட்டாரு. எடுத்தாரு. முன்னாடி கட்டியிருந்த துணியில கையைத் தொடச்சுத் தொடச்சுப் பாத்தாரு, பிசுபிசுப்பு போகல.

"இதை என் கல்லுல போட மாட்டேன். இவங்க எல்லாம் பின்னாடி அரைக்கணும். இது ஸுஹூரோடதா?"

பொம்பளைங்க கழுத்தை நீட்டிப் பாத்தாங்க. ஆமான்னா அக்கா பேரு நாறும். இல்லைன்னா அண்ணன் பேரு நாறும். மென்னானா ரொம்ப யோசிக்கல.

"இது இத்ரீஸோடது. அவ கழுவி வச்சது சரக்கறையில பூட்டிக் கெடக்கு. சாவி அவன்கிட்ட."

"அடப்பாவி! மூணாம் நாள் ரொட்டிக்கா இது?" அடுத்த வீட்டு கென்ஸா தன் கூடையை அங்கேயே போட்டா. "மாட்டுக்கு வச்சாக்கூட மாடு மொறைக்குமே! இருடி, வர்றேன்."

அவ தெருவுல போனதைச் சத்தத்தை வச்சே சொல்லிடலாம்.

கால் மணி நேரத்துல இத்ரீஸ் வந்தான். முதுகுல மூட்டை, பின்னாடியே கென்ஸா. மூட்டையைப் பிரிச்சப்போ மில்லு பூரா காஞ்ச வெயிலு வாசம். கோதுமையில ஒரு கல்லு, ஒரு பதரு கெடையாது. எல்லாரும் கேக்குற மாதிரி சொன்னான்:

"மூட்டை மாறிப்போச்சுங்க. பாவம், அக்கா போன துக்கத்துல இவளுக்குப் புத்தி தடுமாறிடுச்சு."

சொல்லிட்டுத் தங்கச்சி தலையைத் தடவிக் குடுத்தான். விரல்ல இன்னும் கோழி எண்ணெய். கென்ஸா வாயைத் தொறந்தா. மென்னானா வேணாம்னு கண்ணைக் காட்டுனா. கல்லு சுத்த ஆரம்பிச்சிருச்சு, மாவு விழுந்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப எதைச் சொன்னாலும் அவன் மூட்டையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாலும் போயிடுவான்.

மறுநா காலையில கபர்ஸ்தான்ல ஈர மண்ணைச் சுத்தி நாப்பது பேரு. ரொட்டிக் கூடையை மென்னானா கையிலேருந்து வாங்கி, இத்ரீஸே குடுக்க ஆரம்பிச்சான். முக்கால்வாசி கண்ணு தெரியாத, கபர்கிட்ட குர்ஆன் ஓதுற ஒரு பெரியவருக்குக் கையப் புடிச்சு ஒண்ணு வச்சான்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க. நம்ம வீட்டுக் கோதுமை."

அவரு பிச்சு மென்னாரு. மெதுவா மென்னாரு.

"நல்ல கோதுமை. பொறுக்கி வாங்குன கை. அல்லா அந்தக் கைக்குப் பரக்கத் குடுக்கட்டும்."

"ஆமீன்"னு சொன்னான் இத்ரீஸ், ரெண்டு கையையும் ஏந்தி.

மென்னானா அவனைப் பாத்துக்கிட்டே முக்காட்டு நுனியை இழுத்து மூக்கைப் பொத்திக்கிட்டா. அங்க சூடான ரொட்டி வாசம் மட்டுந்தான் இருந்துச்சு.