ஒரு கை கல்லுப்பு

ஸ்காட்லாந்துக் குளிரில் தன் மகள் ஜுமானா தென்னை வளர்க்கிறாள் என்று ஹமீதா பானு கீழக்கரையில் சொல்லாத வீடில்லை. பனி கொட்டும் ஊரில், ஹீட்டர் ஓடும் அறையில், ஜன்னலோரத் தொட்டியில் இடுப்பளவுத் தென்னை. கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

கொல்லையில் விழுந்த தேங்காய் நெற்றைப் பொறுக்கி மகளின் பெட்டிக்குள் வைத்தது ஹமீதாவின் கணவர் நெய்னா முகம்மது. சென்ற கோடையில் அவர் மவுத்தானார். மையத்தை அன்று மாலையே அடக்கம் செய்துவிட்டார்கள். ஜுமானாவுக்கு விமானம் கிடைத்தது மறுநாள்தான். வாப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காத பிள்ளைக்கு மிஞ்சியது அந்தத் தென்னை ஒன்றுதான். அதன் ஓலையைத் தினமும் ஈரத்துணியால் துடைப்பாள்.

குளிர் தொடங்கியதும் ஓலை நுனி மஞ்சளடித்தது. போனில் காட்டி அழுதாள்.

"இதுக்கா அழுவுறே? ஒரு கை கல்லுப்ப எடுத்துத் தூர்ல போடு. உங்க வாப்பா நம்ம கொல்லையில அப்பிடித்தான் போடுவாக," என்றாள் ஹமீதா.

அதன்பின் தென்னை நன்றாக இருப்பதாகவே சேதி வந்தது. ஆனால் ஜுமானா போனை ஜன்னல் பக்கம் திருப்பவே இல்லை. வெளிச்சம் போதாது என்பாள், சார்ஜ் இல்லை என்பாள். ஹமீதாவும் நம்பினாள்.

ஒருநாள் மருமகன் ஃபஹத் போனை எடுத்தான். அவனுக்குப் பின்னால், கண்ணாடிக்கு வெளியே, பனியில் அந்த நீலத் தொட்டி கவிழ்ந்து கிடந்தது.

"மாப்ளே, தொட்டி ஏன் வெளிய கெடக்கு?"

ஃபஹத் திரும்பிப் பார்த்தான். மறைக்க வழியில்லை.

"பட்டுப்போச்சு மாமி. நம்மூருன்னா மழ பேஞ்சு உப்பு மணலுக்குள்ள எறங்கிரும். தொட்டிக்குள்ள எங்க போகும்? வேரு கருகிருச்சு. உங்ககிட்டச் சொல்ல வேணாம்னுட்டா ஜுமானா."

ஹமீதாவால் தன் மனுஷன் முகத்தைத்தான் மகளுக்குக் காட்ட முடியவில்லை, அவர் கொடுத்துவிட்டதையும் தன் வாயாலேயே சாகடித்தாகிவிட்டது.

"எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லிராதீக," என்றாள்.

சற்று நேரத்தில் ஜுமானா வேலையிலிருந்து வந்து போனை வாங்கினாள். தினமும் கேட்பதை இன்று கேட்காவிட்டால் பிள்ளை கண்டுபிடித்துவிடுவாள். ஹமீதா கேட்டாள்.

"தென்ன எப்பிடி இருக்கு?"

"புதுக் குருத்து விட்டிருக்கு உம்மா. நீங்க சொன்ன உப்புதான் அதக் காப்பாத்துச்சு."

"உங்க வாப்பா வைத்தியம்ல," என்றாள் ஹமீதா. தன் முகத்தை மகள் பார்த்துவிடக் கூடாதென்று போனைக் கொல்லைப் பக்கம் திருப்பிப் பிடித்தாள். அங்கே நெய்னா முகம்மதுவின் மரம் குலை குலையாய்க் காய்த்து நின்றது.