சைக்கால் டீச்சர் எந்த ஊருக்குப் போகலாம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு விண்ணப்பப் படிவத்திலிருந்து கிடைத்தது. "உங்களைச் சார்ந்திருப்பவர்கள்" என்ற கட்டத்தில் சைக்கால் மூன்று பெயர்கள் எழுதியிருந்தாள். கணவன் எர்மெக். மகள் ஐபெரி, ஏழு வயது. மகன் தெமிர், மூன்று வயது. அதற்குக் கீழே, கேட்காத ஒரு வரியையும் ஆங்கிலத்தில் நுணுக்கி எழுதியிருந்தாள்: "நானும் இவர்களைச் சார்ந்தே இருக்கிறேன்." இலக்கணம் சரியா என்று பார்க்கத்தான் என்னிடம் கொண்டுவந்தாள்.

இலக்கணம் சரியாகத்தான் இருந்தது. நான்தான் அன்றிலிருந்து சரியாக இல்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

(நான் யாரென்று ஒரு வரி. மருத்துவம் படிக்க இந்தக் கிர்கிஸ் நாட்டுக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, பதினெட்டு வருடமாக நாரின் ஊரில் வைத்தியம் பார்க்கிறவன். சைக்கால் குடும்பம் எங்களுக்கு மேல் மாடி. அவர்கள் கிர்கிஸில் பேசியதைத்தான் தமிழில் தருகிறேன். இனி கூடியவரை குறுக்கே வராமல் இருக்கப் பார்க்கிறேன்.)

2

தொடக்கங்கள்.

நாரின் ஆறு கரையோரமெல்லாம் உறைந்து கிடந்த ஜனவரியில்

[நிறுத்திவிட்டேன். ஆற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினால் சைக்கால் வந்து சேர மூன்று பக்கம் ஆகும்.]

சைக்காலுக்கு ஆறு வயதானபோது அவள் அம்மா புருல், பாத்திரம் கழுவும் வேலைக்கு மாஸ்கோ போனாள். ஒன்பது வருடம் கழித்துத்தான்

[இது உண்மை. ஆனால் இங்கே தொடங்கினால் நீங்கள் இப்போதே கண்ணைத் துடைத்துக்கொள்வீர்கள். சைக்கால் அப்படிப்பட்ட ஆள் இல்லை.]

கணக்கு டீச்சர் சைக்காலை மூன்று ஊர்கள் கூப்பிட்டன.

இது போதும். வளைகுடாவில் ஒரு பெரிய பள்ளிக்கூடம், மலேசியாவில் பினாங்கு, கருங்கடல் கரையில் ஜார்ஜியாவின் பத்தூமி. வளைகுடாவும் பினாங்கும் வேலை தருவதாகவே சொல்லிவிட்டன. பத்தூமி மட்டும் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. பன்னிரண்டு வருடம் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், இரவல் புத்தகங்களை வைத்துத் தானாகவே ஆங்கிலம் கற்று, அதே கணக்கை ஆங்கிலத்திலும் சொல்லித்தரத் தேறியவள். மூன்று கடிதங்களையும் காந்தத்தால் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் தண்ணீர் எடுக்கும் சாக்கில் அதைப் படித்துவிட்டுத்தான் போனார்கள்.

நான் பினாங்கு கட்சி. அங்கே தோசை கிடைக்கும், தமிழ்ப் பிள்ளைகள் இருப்பார்கள், எனக்குக் கதை எழுத வசதி. இதையெல்லாம் மறைத்து, "அங்க குளிரே கிடையாது" என்று மட்டும் சொல்லிவந்தேன்.

3

முதல் பிரதியில் எர்மெக்கை நான் குடிகாரன் ஆக்கியிருந்தேன். மனைவி முன்னேறுவது பொறுக்காமல் படிவத்தைக் கிழிக்கிற காட்சிகூட உண்டு. நன்றாக வந்திருந்தது. அதை சைக்காலுக்கு வாய்மொழியாகச் சொல்லிக் காட்டியபோது அவள் வைத்திருந்த தேநீர்க் கிண்ணம் பாதி வழியில் நின்றது.

"டாக்டர் அண்ணே, எர்மெக்க எதுக்குக் குடிகாரனாக்கினீங்க?"

"கதைன்னா ஒரு தடை வேணும்ல, சைக்கால்."

"தடைக்கு எங்க ஊர்ல பஞ்சமா? அவன் அண்ணன் இருக்கார்ல, அவர எழுதுங்க."

ஆகவே அடித்து எழுதுகிறேன். எர்மெக் குடிக்கிறவன் இல்லை. நாரினுக்கும் கோச்கோருக்கும் நடுவே சிற்றுந்து ஓட்டுகிறவன். ஒருநாள் வண்டிக்கு அடியில் படுத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் ஜோல்தோஷ் வந்து அவன் காலருகே நின்றார்.

"டேய் தம்பி, நெசமாவே போறியா? அவ வேலைக்குப் போவா, நீ வீட்ல சூப்பு கிண்டிட்டு நிப்பியா?"

"கிண்டுவேன். நல்லாத்தான் கிண்டுவேன்."

"பொண்டாட்டி பொட்டிய தூக்கிட்டுப் பின்னாடியே போறான்னு ஊரே சிரிக்கும்டா."

எர்மெக் வெளியே வந்தான். முகமெல்லாம் எண்ணெய்.

"சிரிக்கட்டும் அண்ணே. நம்ம தெருவுலேர்ந்து எத்தன பேர் வெளிநாடு போயிருக்காங்க? செங்கல் தூக்க, தரை தொடைக்க, பனி அள்ள. சாக்பீஸ் புடிக்கப் போன ஒரு ஆளு பேரச் சொல்லு. நான் பொட்டிய இங்கயே வச்சுட்டு நின்னுடறேன்."

ஜோல்தோஷே நான்கு வருடம் ரஷ்ய நகரமான கசானில் சாரம் கட்டியவர். குனிந்து தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்துத் தம்பியிடம் நீட்டி, "அந்த நட்ட இறுக்கு, ஒழுகுது பாரு" என்றார்.

[எனக்கு இதைச் சொன்னது சைக்கால். அவளுக்குச் சொன்னது ஜோல்தோஷின் மனைவி. இரண்டு வாய் மாறியதில் ஓரிரு வார்த்தை கூடியிருக்கலாம். நான் குறைக்கப் போவதில்லை.]

4

மார்ச்சில் இரண்டு சங்கதிகள் நடந்தன. சைக்கால் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பினாங்குக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். என் தோசையும் போயிற்று. (கதாசிரியனின் ஆசையைக் கேட்டுக்கொண்டு வாழ்க்கை நடப்பதில்லை. இதைப் பற்றி ஒரு பத்தி கட்டுரையாக எழுதி, எடுத்துவிட்டேன்.)

இரண்டாவது, வளைகுடாப் பள்ளியின் ஒப்பந்தம் வந்தது. இங்கே வாங்குவதைப்போலப் பல மடங்கு சம்பளம், பத்தொன்பதாவது மாடியில் வீடு. ஏழாவது பக்கத்தில் ஒரு நிபந்தனை: முதல் ஆறு மாதம் ஆசிரியர் தனியாக வர வேண்டும். குடும்பம் அதற்குப் பிறகு.

"ஆறு மாசம்தானே" என்றான் எர்மெக். "ரெண்டு பேரையும் நான் பாத்துக்கறேன். ஐபெரிக்குப் பின்னல்கூடப் போடுவேன்."

ஐபெரி தன் தலையை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள்.

சைக்கால் பள்ளிக்கு எழுதிக் கேட்டாள்: முதல் நாளிலிருந்தே பிள்ளைகளோடு வரலாமா? விதி எல்லாருக்கும் ஒன்று என்று மரியாதையாகப் பதில் வந்தது. அன்று பிற்பகல் அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். புருல் இப்போதும் மாஸ்கோவில்தான் இருக்கிறாள், ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில். அவளுடைய சாப்பாட்டு இடைவேளை மாஸ்கோ நேரப்படி பன்னிரண்டரை.

"போயிட்டு வாடி. ஆறு மாசமெல்லாம் ஒரு கணக்கா? நான் ஒம்போது வருசம் உன்னப் பாக்காம இருந்தேன்."

"தெரியும்மா. பிள்ளைங்கள விட்டுட்டுப் போறதா இல்ல. வேணாம்னு எழுதப் போறேன்."

சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே புருல் கேட்டாள்:

"அப்ப நான் பண்ணது தப்புங்கறியா?"

இந்தக் கேள்விக்கு நான் நான்கு பதில்கள் எழுதிப் பார்த்தேன். நான்கும் அழகாக இருந்தன. ஒன்றில் சைக்கால் அழுதாள், ஒன்றில் ஆறு வயதுச் சிறுமியாகவே பேசினாள். நான்கையும் கிழித்துவிட்டு, அவள் சொன்னதையே போடுகிறேன்.

"இல்லம்மா. பிள்ளையக் கூட்டிட்டு வர்றியான்னு உன்ன யாரும் கேக்கல. நீயும் கேக்க முடியல. நான் கேக்கறேன். முடியாதுன்னா, நானும் முடியாதுங்கறேன். அப்படிச் சொல்ற அளவுக்கு என்னப் படிக்க வச்சது நீதானே?"

பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அம்மா யாரையோ கூவி அழைப்பது கேட்டது.

"ஏய், அந்த மெஷின நிறுத்துங்கடி! எம்பொண்ணு வெளிநாட்டு வேலைய வேணாங்கறா! ஆமா, அவங்க குடுக்கறாங்க, இவ வேணாங்கறா!"

சலவைக்கூடத்தில் கைதட்டினார்களாம். சைக்கால் இதைச் சொல்லும்போது அவள் கழுத்து நிமிர்ந்திருந்தது. நான் அளந்து பார்த்துத்தான் எழுதுகிறேன்.

மறுப்புக் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன். "மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்வது" என்று வழக்கம்போல ஆரம்பித்திருந்தேன். அவள் முதல் இரண்டு வார்த்தையையும் பேனாவால் அடித்தாள்.

"எனக்கு வருத்தம் இல்லையே அண்ணே. எதுக்குப் பொய்?"

"அது ஒரு மரியாதைக்கு."

"மரியாதைக்கு 'நன்றி'ன்னு போடுங்க. நன்றி இருக்கு."

கடிதம் போனது. எர்மெக் குளிர்பெட்டிக் கதவைப் பார்த்தான். ஒரே ஒரு காகிதம்தான் மிச்சம், அதுவும் வெறும் நேர்காணல் அழைப்பு.

"கையில இருந்த ரெண்டும் போச்சே" என்றான்.

"ஆமா" என்றாள் சைக்கால். அவளைப் பயமே இல்லாதவளாகக் காட்ட ஆசைதான். ஆனால் அன்று அவள் தெமிரின் சட்டைப் பொத்தான்களை மூன்று முறை தப்பாகப் போட்டாள்.

5

பத்தூமிப் பள்ளியின் தலைமை ஆசிரியை கேதெவான், ஐம்பது வயதுக்காரர். சனிக்கிழமை காலை திரையில் வந்தார். பேச்சு ரஷ்ய மொழியில். சைக்கால் பின்னங்களை நடத்திக் காட்டினாள். தெமிர் மேசைக்கு அடியில் கரண்டியோடு இருந்தான். எல்லாம் முடிந்து, "உங்களுக்கு ஏதாவது கேள்வி?" என்றார் கேதெவான்.

சைக்கால் வாயைத் திறப்பதற்குள் ஐபெரி அவள் தோளைத் தாண்டித் தலையை நீட்டினாள்.

"அங்க எங்கம்மாவ யாராவது சத்தம் போட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?"

[இங்கே ஒரு குறிப்பு தேவை. போன குளிர்காலத்தில் ஊரில் செல்வாக்குள்ள ஒருவர், மகனுக்கு மதிப்பெண் குறைந்துவிட்டதென்று பள்ளித் தாழ்வாரத்தில் வைத்து சைக்காலைப் பார்த்துக் கத்தினார். சைக்கால் மதிப்பெண்ணை மாற்றவில்லை. சுற்றி நின்றவர்கள் யாரும் வாய் திறக்கவுமில்லை. முதல் வகுப்பு வரிசையில் நின்று ஐபெரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அன்றுவரை சைக்காலுக்கே தெரியாது.]

சைக்கால் மகளை இழுத்துப் பின்னால் விட்டாள். "மன்னிச்சிருங்க, சின்னப்பிள்ள…"

"இருங்க" என்றார் கேதெவான். கண்ணாடியைக் கழற்றினார். ஐபெரியைப் பார்த்தே பேசினார்.

"போன வருசம் ஒரு பையனோட அப்பா இங்க வந்து எங்க டீச்சர் ஒருத்தரைச் சத்தம் போட்டார், கண்ணு. நான் பக்கத்து அறையிலதான் இருந்தேன். வெளிய வரல. வந்திருக்கணும். அந்த டீச்சர் வேலைய விட்டுப் போயிட்டாங்க. அவங்க இடத்துக்குத்தான் உங்கம்மாவக் கேக்கறேன். அடுத்த தடவ வெளிய வருவேன்."

ஐபெரி கொஞ்சம் யோசித்தாள். "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு வாரத்தில் வேலை உறுதியாயிற்று. எர்மெக்குக்குத் தயக்கம். "போன தடவ ஒளிஞ்சுக்கிட்டவங்கள நம்பியா போறது?"

"நான் பாத்த தலைமை ஆசிரியருங்க எல்லாரும் ஒளிஞ்சவங்கதான்" என்றாள் சைக்கால். "அதச் சொன்னவங்க இவங்க ஒருத்தர்தான். அதுவும் வேலை குடுக்கற நேரத்துல, ஒரு குழந்தகிட்ட."

ஆனாலும் அவள் வார்த்தையை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடவில்லை. நால்வருக்கும் முதல் நாளிலிருந்தே தங்கும் அனுமதி, ஐபெரிக்கு அதே பள்ளியில் இடம், தெமிருக்கு வளாகத்துக்குள்ளேயே இருக்கும் மழலையர் கூடம். மூன்றையும் எழுத்தில் கேட்டாள். எழுத்தில் வந்தது. சம்பளம் வளைகுடாவில் சொன்னதில் பாதிகூட இல்லை. அதைக் கேட்டவர்களிடமெல்லாம் அவளே முந்திக்கொண்டு சொன்னாள், ஏதோ பரிசு வாங்கியவள்போல.

6

ஆகஸ்டில் கிளம்பினார்கள். தலைநகர் பிஷ்கெக்கின் விமான நிலையத்தில் கடவுச்சீட்டு பார்க்கிற அதிகாரி நான்கையும் ஒன்றாக வாங்கி, எர்மெக்கைப் பார்த்துக் கேட்டாராம்.

"வேலைக்கா? கட்டட வேலையா?"

"கணக்கு டீச்சர் வேலை."

"நீங்களா?"

"நான் இல்ல. இவங்க." எர்மெக் ஓரடி நகர்ந்து மனைவிக்கு இடம் விட்டான். "நாங்க மூணு பேரும் இவங்களோட போறோம்."

அதிகாரி எழுந்து நின்று முத்திரை குத்தினார் என்று எழுதியிருந்தேன். எழுந்திருக்கவில்லையாம். ஆனால், "எம்பொண்ணுக்கும் கணக்குன்னா உசிரு, டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் குத்தினாராம்.

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன. ஒன்றில், முதல் வருடத்திலேயே எர்மெக்குக்கு ஒரு பேருந்து கிடைக்கிறது, தெமிர் நான்கு மொழிகளில் அடம்பிடிக்கிறான். இன்னொன்றில், குளிர்காலத்துக்கு முன்பே எர்மெக்குக்கு ஊர் நினைப்பு வந்து தனியாகத் திரும்பி வந்துவிடுகிறான், நான் அவனைக் குடிகாரனாக்காமல் இருக்கப் படாத பாடு படுகிறேன். மூன்றாவதில், யாரோ ஒரு அப்பா தாழ்வாரத்தில் வந்து கத்துகிறார், பக்கத்து அறைக் கதவு

[கதவு திறந்ததா? எனக்குத் தெரியாது.]

தெரிந்துகொள்ளலாமென்று செப்டம்பர் முதல் வாரத்தில் சைக்காலுக்குச் செய்தி அனுப்பினேன். எப்படி இருக்கிறது, கேதெவான் எப்படி, பிள்ளைகள் ஒட்டிக்கொண்டார்களா, நான் கதையை முடிக்க வேண்டும் என்று நீளமாக. ஒரு மணி நேரம் கழித்து இரண்டே வார்த்தையில் பதில் வந்தது.

"வகுப்புல இருக்கேன்."

அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சத்தம் போடாமல் எழுதுங்கள். டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார்.