ஆர்வோ போட மறுத்த கையெழுத்து

ஐலாவுக்கு அந்தத் தடுப்பூசியைப் போட்டது நான்தான். அப்போது அவள் நான்கு மாதக் குழந்தை. ஊசி தொடையில் இறங்கியதும் வீரிட்டாள். அவள் அம்மா ரெனீ மார்போடு அணைத்ததும் அடங்கிவிட்டாள்.

"இனிமே என்னைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவா பாரு" என்றேன்.

ரெனீ சிரித்தாள். அன்று மாலை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது, கூடவே வலிப்பும் வந்தது. அரைமணி நேரம் அது நிற்கவில்லை.

ரெனீயும் நானும் ஒன்றாகப் படித்தவர்கள். இந்தச் சுரங்க ஊரில் இருப்பது ஒரே கிளினிக், அதில் நான் பதினோரு வருடமாக நர்ஸ். முதல் வலிப்புக்குப் பிறகு மாதம் இரண்டு மூன்று முறை வந்துகொண்டே இருந்தது. ஐலாவுக்கு இரண்டு வயதானபோது, தடுப்பூசியால்தான் பாதிப்பு என்று ரெனீயும் அவள் புருஷன் ஆர்வோவும் வாஷிங்டன் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டு மனு போட்டார்கள். இந்த மாதிரி வழக்கு அரசாங்கத்தின் மேல்தான் போகும், ஊசி போட்டவள்மேல் இல்லை. ஆனால் வக்கீல் கேட்ட மருத்துவக் கோப்பை நகலெடுத்து அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது. 'இடது தொடை' என்று எழுதி, அதன் கீழே நான் போட்டிருந்த கையெழுத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளிர்பெட்டியின் வெப்பநிலை, மருந்தின் அளவு, தேதி எல்லாவற்றையும் எத்தனையோ தடவை சரிபார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அப்படியும் மனசு ஆறவில்லை. கடையில் என்னைக் கண்டால் ரெனீ தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவாள்.

ஐலாவுக்கு மூன்று வயது முடிந்தபோது மினியாபோலிஸில் ஒரு புது டாக்டர் மரபணுச் சோதனை செய்தார். ஒரு மரபணுவில் பிழை, பிறக்கும்போதே இருந்தது. தடுப்பூசிக் காய்ச்சல் வராவிட்டாலும் ஏதாவது ஒரு சளிக் காய்ச்சலில் அது வெளியே வந்திருக்கும் என்றார். அதுவரை கொடுத்த மருந்து இந்த நோய்க்கு ஆகாத மருந்தாம். மாற்றிய பிறகு வலிப்பு பாதியாகக் குறைந்தது.

இதெல்லாம் ரெனீயே போனில் சொன்னாள். பதினாலு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் அழைப்பு.

"கேஸ வாபஸ் வாங்கப் போறேன், லோர்னா."

"வக்கீல் சொன்னாரா?"

"இதை வச்சு ஜெயிக்கிறது கஷ்டம்னாரு. ஆனா நடத்துறதும் விடுறதும் உங்க இஷ்டம்னாரு. எனக்குத் தெரிஞ்ச பிறகு எப்படிடி நடத்துறது? ஆர்வோதான் கையெழுத்துப் போட மாட்டேங்குறான். ரெண்டு பேரும் சேந்து போட்ட மனு, ரெண்டு பேரும் போட்டாத்தான் ஆகும்."

"ஏன் மாட்டேங்குறான்?"

"கேட்டா லாரிய எடுத்துட்டுப் போயிடுறான்."

அந்தச் சனிக்கிழமை காலை என் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தேன். ஆர்வோ வந்து நின்றான். மண்வெட்டிக்குக் கையை நீட்டினான்.

"உன்னை அடிக்க வரல. பயப்படாத."

"பயந்தா மண்வெட்டிய உன் கையில குடுப்பேனா?"

பாதை முழுவதையும் அவனே வாரி முடித்தான். பிறகு சமையலறையில் உட்கார்ந்து, சட்டைக்குள்ளிருந்து கசங்கிய உறை ஒன்றை எடுத்து வைத்தான். ஐலாவின் மரபணுப் பிழை யாரிடமிருந்து வந்தது என்று பார்க்க, அவனுக்கும் ரெனீக்கும் ரத்தம் எடுத்துச் சோதித்த முடிவு. வந்து ஆறு வாரமாகியும் பிரிக்கவில்லை. தபாலை முதலில் பார்த்தவன் அவன்தான். ரெனீக்கு வந்ததே தெரியாது.

"நீ படி. நீ எனக்காகப் பூசி மெழுக மாட்ட."

"நீ ஏன் பிரிக்கல?"

காப்பிக் கோப்பையை நகர்த்தி நகர்த்தி வைத்தான். "டோய்வோவ ஞாபகம் இருக்கா?"

அவன் தம்பி. ஒன்பது வயதில் ஏரியில் மூழ்கிப் போனவன். நீச்சல் சரியாகத் தெரியாது என்றுதான் ஊரில் பேச்சு.

"அவன் நல்லா நீந்துவான். அவனுக்கு வலிப்பு இருந்துச்சு. வெளிய சொல்லக்கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. ரெனீகிட்ட இன்னிக்கு வரைக்கும் சொல்லல." குரல் இறங்கியது. "ஊசிதான்னு கேஸ் நடக்குற வரைக்கும், காரணம் நான் இல்ல. புரியுதா?"

உறையைப் பிரித்தேன். நிதானமாக இரண்டு தடவை படித்தேன்.

"உங்கிட்ட இல்ல, ஆர்வோ. ரெனீகிட்டயும் இல்ல."

"அப்ப எங்கேருந்து வந்துச்சு?"

"எங்கேருந்தும் வரல. கரு உண்டாகுறப்பவே மாறியிருக்கு. டோய்வோவுக்கு வந்தது வேற ஏதோ."

"யாருமே காரணம் இல்லயா?"

"யாரும் இல்ல."

ஆறுதல் கிடைத்தவன் முகம்போல இல்லை அது. கோபப்படவாவது ஓர் ஆள் வேண்டும் என்பதுபோலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதான். எனக்கோ நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அது இறங்கியதே கூச்சமாகவும் இருந்தது. ஏலக்காய் ரொட்டியில் ஒரு துண்டை வெட்டி அவன் பக்கம் தள்ளிவைத்தேன். வேறென்ன செய்வது?

கிளம்பும்போது கதவருகே நின்றான். "கேஸ் உன் மேல இல்லதான். ஆனா நீ தப்பாப் போட்டிருப்பன்னு ஊர்ல பேசுனது நான்தான்."

"தெரியும்" என்றேன். மன்னித்தேன் என்று சொல்ல அன்று வாய் வரவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

அன்றே ரெனீயிடம் உறையைக் காட்டி, டோய்வோ பற்றியும் சொல்லியிருக்கிறான். அவள் ஐலாவைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரம் இருந்தாள்.

"வலிப்ப மறைச்சதக்கூட விடு. டாக்டருங்க எத்தனை தடவ கேட்டாங்க, குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு! பக்கத்துல உக்காந்துக்கிட்டு இல்லைன்னான்டி" என்று போனில் குமுறினாள். எட்டாம் நாள் வீடு திரும்பினாள். திங்கட்கிழமை இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். வழக்கு முடிந்தது என்று நீதிமன்றத்திலிருந்து ஒரு பக்கத் தாள் வந்ததாம். அதைப் படித்துவிட்டு இருவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்களாம்.

ஐலாவுக்கு வலிப்பு இன்னும் வருகிறது. பேச்சு தாமதம். ஆனால் படி ஏறுகிறாள், நாயைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

ஏப்ரலில், நான்கு வயதுத் தடுப்பூசிக்கு ரெனீ அவளைக் கிளினிக்குக் கூட்டிவந்தாள். காய்ச்சல் வராமலிருக்க என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் கையில். நான் கையுறையை எடுத்தேன்.

"நீ போட வேணாம்" என்றாள் ரெனீ. "கோவம் இல்லடி. என்னால பாக்க முடியாது. பக்கத்துல மட்டும் நில்லு."

இன்னொரு நர்ஸ் போட்டாள். ஐலா அலறினாள். அவள் கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அடுத்த இரண்டு நாளும் ரெனீ மணிக்கொரு தரம் போன் செய்து காய்ச்சல் அளவைச் சொன்னாள். நான் எழுதி வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவள் போன் செய்யவில்லை. நானே செய்தேன்.

"தூங்குறாடி" என்றாள். "நானும் கொஞ்சம் தூங்குறேன். வை."