இரண்டு இன்ஜின், ஒற்றை ஆள்

ஒரகடத்தில் காருக்குத்தான் மதிப்பு. படகு ஓட்டுகிறேன் என்று சொன்னால் நான் வாடகைக்கு இருக்கும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். கடலே இல்லாத ஊரில் இதென்ன பிழைப்பு என்பார்கள். எங்கள் கம்பெனி ஃபைபர் படகு செய்கிறது. பின்னால் வெட்டிய குளத்தில் ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்துச் சரி சொல்வது என் வேலை. தூத்துக்குடிக்காரனுக்கு வேறு என்ன தெரியும்?

குளத்தோரம் பேச்சுத்துணைக்கு இருந்தவன் வடக்குப்பட்டு கன்னியப்பன்தான். நான் படகைக் கொண்டுவரும்போது, அதைக் கட்டும் மேடையில் நின்று கயிறு பிடிப்பான். அந்த மேடையை ஆபீசில் ‘ஜெட்டி’ என்பார்கள். ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்பதுபோல விழுந்து விழுந்து சிரிப்பான். போன மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். அதிலிருந்து நாள் முழுக்க நான் வாய் திறப்பது டீ வாங்கும்போது மட்டும். சொல்ல வெட்கம்தான், பேச்சை வளர்ப்பதற்காகவே சர்க்கரை கம்மி என்று சண்டை போட்டேன்.

“கயித்தப் பிடிக்க ஆள் வேணும் சார், ஒத்தையில கட்ட முடியல” என்று சூப்பர்வைசர் இளம்பரிதியை நச்சரித்தேன்.

“நேர்ல வந்து பாக்குறேன் நயினாரண்ணா. முடியலன்னா ஆள் போட்ரலாம்” என்றார்.

நான் சொன்னது பொய். ஒற்றையில் முடியும். இரட்டை இன்ஜின் படகைப் பின்னாலிருந்து பார்த்தால் வலது புரொப்பெல்லர் கடிகார முள்போலச் சுற்றும், இடது அதற்கு எதிராகச் சுற்றும். மேடை இடப்பக்கம் இருந்தால், முகப்பைச் சாய்வாகக் கொண்டுவந்து வலது இன்ஜின் லீவரை மட்டும் இழுத்து ரிவர்ஸில் போட வேண்டும். பின்பக்கம் தானாக மேடையோடு வந்து ஒட்டிக்கொள்ளும். இடதை இழுத்தால் எல்லாம் தலைகீழ். முகப்பு மேடையில் முட்டும், பின்பக்கம் விலகிப் போகும். அவர் பார்க்க வரும் அன்றைக்கு நான் இழுக்க வேண்டியது இடது. மேடையில் டயர் கட்டியிருக்கிறது, ஒன்றும் உடையாது. லேசாக ஒரு முட்டு, எனக்கு ஒரு ஆள் கிடைப்பான்.

இளம்பரிதி வந்தார். மேடை ஓரத்தில் இடுப்பில் கைவைத்து நின்று என்னையே பார்த்தார்.

ஒரு மாதமாக அந்த இடத்தில் யாரும் நின்றதில்லை. நான் ஓட்டுவதை யாரும் பார்த்ததும் இல்லை. எனக்குள் என்னவோ ஆகிவிட்டது. தேவையே இல்லாமல் குளத்தை ஒரு வட்டம் அடித்தேன். சாய்வாக மேடையை நெருங்கும்போது கை இடது லீவரில்தான் இருந்தது. இத்தனை நாள் கழித்து ஒரு மனுஷன் பார்க்கும்போது போய் முட்டுவதா? மனம் கேட்கவில்லை. வலதை இழுத்தேன். படகு பூப்போல வந்து டயரைத் தொட்டு நின்றது.

இளம்பரிதி கைதட்டினார். “தூள்ணா! இன்னா கைணா உங்குளுது! இதுக்குப் போயி இன்னொரு ஆள் கேட்டுகினு கீறீங்களே!”

நானும் பல்லைக் காட்டினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, அவர் திரும்பி நடக்கும்வரை.

“சார், ஏறி ஒரு ரவுண்டு வாங்களேன்” என்று கத்தினேன்.

“லைன்ல வேலை கீதுணா” என்றவர், போனை எடுத்துக் காதில் வைத்தார். “குளத்துக்கு ஆள் வேணாம்பா. நயினார் ஒருத்தரே போதும்.”

படகு செய்யும் ஷெட்டுக்குள் அவர் போனதும் கதவு மூடிக்கொண்டது. என் கையை வெட்டிப் போடலாம்போல இருந்தது. இன்ஜின் இரண்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்தப் பயமாக இருந்தது. நிறுத்தினால் அங்கே வேறு சத்தமே இருக்காது.