திரும்பி வராத சைகை

எல்லோரும் சௌக்கியமா? இந்த வெயிலில் மூட்டு வலியெல்லாம் சொன்னபடி கேட்கிறதா? மோர் குடித்துக்கொண்டே கேளுங்கள், ராஜா அண்ணாமலைபுரத்து இக்னேஷியஸ் கதை இது.

அவருக்குக் கடலில் வேலை. நடுக்கடலில் எரிவாயுக் கிணறு பழுதானால், அதன் வாய்மேல் ஹைட்ராலிக் வொர்க்கோவர் யூனிட் என்ற இயந்திரத்தை ஏற்றி நிறுத்துவார்கள். உள்ளிருந்து வாயு முட்டிக்கொண்டிருக்கும்போதே அதன் ஜாக்கிகள் குழாயைப் பிடித்துக் கீழே அழுத்தும். ஒரு பிடி இறுகிய பிறகுதான் மறு பிடியை விடலாம். மாறிப்போனால் குழாய் அம்பு மாதிரி மேலே பாய்ந்துவிடும். எஞ்சின் இரைச்சலில் பேச்சு எடுபடாது, எல்லாம் கைச்சைகைதான். காட்டிய சைகையை எதிராளி அப்படியே திருப்பிக் காட்டாதவரை யாரும் லீவரைத் தொடமாட்டார்கள். வெறும் தலையாட்டல் அங்கே செல்லாது.

ஒரு மாதம் கடல், ஒரு மாதம் வீடு. அந்த வீட்டு மாதம்தான் அவருக்குப் பாரம். மனைவி ஐவிக்குப் பகலில் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன், ஞாயிறானால் கோயில் பாட்டுக்குழு. அவர் இல்லாமலே நடக்க வீடு பழகியிருந்தது. துண்டு எங்கே என்றுகூட விருந்தாளி மாதிரி கேட்க வேண்டியிருந்தது.

இந்தத் தடவை தி.நகர் ஆபீஸிலேயே மேசை வேலை தருவதாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். இக்னேஷியஸுக்கு ஆசைதான். ஆனால் 'இருங்கள்' என்று ஐவி வாயால் வரவேண்டுமே.

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"ஆபீஸ்ல கூப்டுறாங்கோ. இனிமே இங்கியே இருந்துடலாம்னு கீது."

மீனில் முள் எடுத்தபடி ஐவி தலையாட்டினாள். அதற்குள் டியூஷன் பிள்ளைகள் வந்து மணியடிக்க, எழுந்து போய்விட்டாள். அவர் சொன்னதை அவள் திருப்பிச் சொல்லவே இல்லை. மறுநாள் சொல்வாள் என்று பார்த்தார். அதற்கு மறுநாளும் பார்த்தார். வெள்ளிக்கிழமை மதியம் ஆபீஸ் லாரன்ஸுக்குப் போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் ஐவி வந்தாள். பிள்ளைகளைக் காணோம். எங்கே என்று கேட்டார்.

"டியூஷனை விட்டுட்டேன். பசங்களை சாருலதா டீச்சர்கிட்ட அனுப்பிட்டேன். நீங்கதான் இனிமே சாயங்காலம் வீட்ல இருப்பீங்களே."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "வேணாம்னு சொல்லிட்டேன் ஐவி. நீ ஒண்ணும் சொல்லலியே."

"தலையாட்டினேனே. சரின்னு சொல்ல வேற என்னங்க பண்ணணும்?"

உடனே லாரன்ஸைக் கூப்பிட்டார். "ஆள் போட்டாச்சேண்ணே. இன்னாண்ணே நீ, முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றான் அவன்.

அவர் பையை அவரே கட்டுவதுதான் வழக்கம். மறுபடி கடலுக்குக் கிளம்பிய அந்தத் திங்கட்கிழமை ஐவி கட்டினாள். சட்டைகளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவர் பக்கத்திலேயே நின்றார். டியூஷன் பெஞ்சுகள் போன ஹாலில் ஜிப் இழுக்கும் சத்தம் அவ்வளவு பெரிதாகக் கேட்டது.

வாய்விட்டுச் சொல்லாமலே விட்ட ஒரு 'சரி' உங்கள் வீட்டிலும் இருக்குமே? நடந்ததை நடந்தபடி எனக்கு எழுதுங்கள்.