வண்டி கவிழ்ந்த இடம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அகிலா என்னிடம் கேட்டது ஒரு விளம்பரக் கட்டுரை. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டுக் கடைகளுக்கு மேலே, ஒரு மாடி அறையில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருப்பவள் அவள்.

"சார், ஜீப்பு வாங்கி மேட்டுல பள்ளத்துல ஓட்டிக்கினு இருக்காங்க பாருங்க, அவங்களுக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க. எந்த பாலிசி எதுக்கு உதவும், எதுக்கு உதவாதுன்னு."

இதென்ன பெரிய வேலை என்று உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

[அடித்தது: உதயகுமாரின் ஜீப் தென்னேரி ஏரிக்குள், கரைச் சரிவில் குறுக்காக ஏறும்போது கவிழ்ந்தது.]

விளம்பரத்தில் யாராவது இப்படி ஆரம்பிப்பார்களா? அடித்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு வேறு எந்த வரியும் வர மறுத்தது.

2

சரி, கட்டுரையாகவே முயன்று பார்க்கிறேன்.

சாலையை விட்டு இறங்கும் வண்டி என்றால் நான்கு சக்கரமும் இழுக்க வேண்டும். அடிப்பாகம் தரையிலிருந்து உயர்ந்திருக்க வேண்டும். அந்த உயரத்தால்தான் கல்லும் மேடும் தாண்டுகிறது. சரிவில் நேராக ஏற்றாமல் குறுக்காக ஏற்றினால் அதே உயரத்தால்தான் உருளுகிறது. ஓட்டத் தெரிந்தவர்கள் இதைத் தூக்கத்தில்கூட மறக்க மாட்டார்கள்.

இன்சூரன்ஸ் விஷயம் இன்னும் எளிது. இந்தக் கதையில் வரும் கம்பெனியின் பாலிசி சாலைக்கு மட்டும். சேற்றில், ஆற்றில், ஏரியில் இறக்கினால் அதற்கென்று தனியாக ஒரு கவர், அதாவது கூடுதல் காப்பீடு, சேர்த்துக்கொள்ள வேண்டும். சேர்க்காதவனுக்கும், அவன் வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கும்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. உட்கார்ந்திருந்தவன் பெயர் டேனியல்.)

3

உதயகுமார் பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவன். கடைக்குச் சொந்தக்காரன் அல்ல, அங்கே வேலை செய்கிறவன். பழைய ஜீப் ஒன்றைக் கடனில் வாங்கினான். டேனியல் அவனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் இருந்தவன், ஏசி மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் ஜீப்போடு கிளம்பிவிடுவார்கள்.

ஆனி மாதக் கடைசியில் உதயகுமார் அகிலாவின் மாடிக்கு வந்து அந்தத் தனிக் கவரைத் தானாகவே கேட்டான். இதை நன்றாகக் கவனியுங்கள். அவன் அலட்சியக்காரன் இல்லை. அகிலா எல்லாம் எடுத்து வைத்து, இந்த வாரமே முடித்துவிடலாம் என்றாள். மறுநாள் அவன் போன் செய்தான்.

"அகிலா, ஆடி பொறக்கப் போவுதாம். புதுசா எதுலயும் கையெழுத்து போடாதன்னு அம்மா சொல்லுது. ஆவணி முதல் முகூர்த்தத்துல போட்டுக்கலாமா?"

"போட்டுக்கலாம்ணா. ஒரு மாசம்தான," என்றாள் அகிலா.

அவள் வீட்டிலும் ஆடியில் ஒன்றும் தொடங்க மாட்டார்கள். அவளே புது ஃபேன் வாங்குவதை ஆவணிக்குத் தள்ளி வைத்திருந்தாள். கையெழுத்து ஆடிக்கு ஆகாது, ஏரியில் வண்டி இறக்க மட்டும் ஆடி ஆகுமா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது. உங்களுக்கு?

4

ஆடி ஞாயிறு. ஏரியில் தண்ணீர் வற்றி நடுவில் மட்டும் சேறு. அதில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கரையேறும்போது

(இதை முன்பே ஒரு முறை எழுதி அடித்துவிட்டேன். திரும்ப எழுத மாட்டேன்.)

டேனியல் இருந்த பக்கம் கீழே போயிற்று. முதுகெலும்பு. இனி இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். உதயகுமாருக்குத் தோளில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

அன்று மாலை ஏரிக்குள் இறங்கித்தான் அம்மன் கரகம் வரும். ரத்தம் பட்ட வண்டி கரகம் வருகிற வழியில் கிடக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் டிராக்டர் வைத்து ஜீப்பை இழுத்தார்கள். மேலே ஏரிக்கரைத் தார் ரோட்டில் நிறுத்தி, தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். யாரையும் ஏமாற்ற அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஆனால் போலீஸ் வந்தபோது வண்டி கரைச் சாலையில் நின்றது. எல்லோரும் அங்கேயே கவிழ்ந்ததாக எடுத்துக்கொண்டார்கள். இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

5

டேனியலின் மனைவி கிரேஸ், வீட்டிலேயே பட்டு ஜாக்கெட் தைப்பவள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அகிலாவின் மாடி ஏறி வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அக்கா, அவரு கண்ணு முழிச்சதும் முதல்ல உன்கிட்டதான பேசினாரு, கம்பெனிலேந்து ஆள் வந்து உன்னைக் கேப்பாங்களாம். கரைன்னு சொல்லிடுக்கா. ஒரு வார்த்தை."

"அவங்க டேனியலையே கேட்டா?"

"அதாங்க்கா பயம். அவரு பொய் பேச மாட்டாரு. ஏரிக்குள்ளன்னுதான் சொல்லுவாரு. தூங்கறாருன்னு சொல்லி ஆளையே உள்ள உடாம வச்சிருக்கேன். எத்தினி நாளைக்கு உடாம இருக்க முடியும்? அந்தப் பணம் வரலன்னா அவரை நான் எங்க வச்சுப் பாப்பேன்?"

ஆனியிலேயே கையெழுத்து வாங்கியிருந்தால் கிரேஸ் இப்படி வந்து நிற்க வேண்டியதே இல்லை. அந்த எண்ணம் அவளைத் தின்றது. பொய் சொல்லி மாட்டினால் லைசென்ஸ் போகும், கேஸ் வரும். அதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள் என்றுதான் நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நான் எழுதுகிற ஆள்தான், இருந்தாலும் அவள் மனசுக்குள் அதற்கு மேல் எனக்கு வழி கிடைக்கவில்லை.

6

விசாரிக்க வந்தவர் தினகரன். முதல் பிரதியில் அவரைக் கல்நெஞ்சக்காரராக எழுதியிருந்தேன். எனக்கு அது சௌகரியமாக இருந்தது. ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மெதுவாகத்தான் பேசினார்.

"வண்டிக்கு அடியில களிமண்ணு இருக்குதும்மா. கழுவியும் போகல. ஆனா ஊரே கரைன்னுது, வண்டி ஓட்டின பையனும் கரைன்றாரு. ஆஸ்பத்திரில டேனியல் முதல்ல பேசினது உங்ககிட்டதானாமே. எங்க கவுந்துச்சுன்னு சொன்னாரு? நீங்க சொல்றதைத்தான் நான் எழுதப் போறேன்."

அகிலா வாயைத் திறந்தாள்.

7

முடிவு ஒன்று: "கரை" என்கிறாள். பணம் வருகிறது. டேனியலுக்கு எப்படி வந்தது என்று ஒருநாள் தெரியவருகிறது. எழுந்து போக முடியாதவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

முடிவு இரண்டு: "ஏரிக்குள்ள" என்கிறாள். தினகரன் எழுதிக்கொள்கிறார். அதற்குப் பிறகு கிரேஸ் மாடி ஏறி வருவதே இல்லை. அகிலா மட்டும் படியில் சத்தம் கேட்கும்போதெல்லாம்

இரண்டையும் எழுதி இரண்டையும் கிழித்தேன். நடுவில் ஒரு வேலை செய்தேன். இதுவரை எழுதியதை அகிலாவுக்கு அனுப்பினேன். அவள் கிரேஸுக்கு அனுப்பிவிட்டாள். மறுநாள் காலையில் போன்.

"சார், நான் கிரேஸ். கதை படிச்சேன். அந்த முதல் வரியை எடுத்துடுங்க சார்."

"அதை அப்பவே அடிச்சிட்டேன்மா."

"அடிச்சிருக்கீங்க, எடுக்கல. அடிச்சாலும் படிக்க முடியுதே சார்."

சொல்லிவிட்டு அழுதாள். எடுத்திருக்கலாம். இன்றைக்குவரை எடுக்கவில்லை. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். டேனியலாக இருந்தால் எடுக்கச் சொல்லியிருக்க மாட்டான் என்று ஒரு நினைப்பு. கிரேஸ் அழுதது காதிலேயே இருக்கிறது, அதுவும் ஒரு நினைப்பு.

அகிலா இன்னும் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். தினகரன் காத்திருக்கிறார். பொறுமைசாலிதான், ஆனாலும் எவ்வளவு நேரம் இருப்பார்? ஆஸ்பத்திரிக்குப் போனால் டேனியல் விழித்திருப்பான், கேட்டதும் சொல்லிவிடுவான். அங்கே தினகரனைப் போக விடாமல் நிறுத்த வேறு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தைரியம் இல்லை.

மிச்சம் இருப்பது நீங்கள். முதல் வரியை நீங்களும் படித்துவிட்டீர்கள். தெரியாது என்று இனி உங்களால் சொல்ல முடியாது. தினகரன் உங்கள் பக்கம் திரும்புகிறார். கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார்.

"நீங்க சொல்லுங்க. வண்டி எங்க கவுந்துச்சு?"