இருசப்பன் என்கிற பயனர்

1

இந்தக் கதை ஒரு சார்ட் பேப்பரிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் மாணவர் கண்காட்சி. என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டவர் வந்து சேராததால் சுவரில் ஒட்டியிருந்ததையெல்லாம் படித்துக்கொண்டே போனேன். ஒரு சார்ட்டில் ஒரு மனிதரின் படம். தலையில் கம்பளிக் குல்லா, கழுத்தில் மப்ளர், முதுகில் கூடை, பின்னால் பச்சைப் பசேலென்று தேயிலைத் தோட்டம். கீழே எழுதியிருந்தது: "பயனர்: இருசப்பன். வயது 48. ஊர்: கரியாலூர், கல்வராயன் மலை. தொழில்: தேயிலை பறித்தல். பிரச்சினை: முதுகுவலி."

கல்வராயன் மலையில் மரவள்ளி உண்டு, சாமை உண்டு, கடுக்காய் உண்டு. அருவியில் செல்ஃபி எடுக்கப் போய் வழுக்கி விழுகிறவர்களும் உண்டு. தேயிலை மட்டும் டீக்கடையில்தான் பார்க்கலாம்.

பார்த்திராத ஒரு மனிதருக்கு ஊர், பேர், வயது கொடுத்து, போதாக்குறைக்கு முதுகுவலியையும் கொடுத்திருக்கிறார்கள். என் பிழைப்பும் ஏறக்குறைய இதுதான் என்பதால் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இதற்குப் பின்னால் யார் இருந்திருப்பார்கள் என்று யோசித்தேன். விசாரிக்கவில்லை. விசாரித்தால் கதை போய்விடும்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"மேகங்கள் தவழும் கல்வராயன் மலையின் மடியில்..." (மேகத்தில் ஆரம்பிக்கிற கதைகளை நானே படிப்பதில்லை.)

"இட ஒதுக்கீட்டுப் போராட்டங்கள் தமிழகத்தை உலுக்கிய அந்த ஆண்டில், சமூக நீதி என்னும் மாபெரும்..." (யாராவது மைக்கைப் பிடுங்குங்கள்.)

"நான்கு பேர் கொண்ட குழுவில் மூன்று பேர்தான் வேலை செய்வார்கள்."

இது சரி. கல்லூரிக்குப் போன எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள். இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

3

நான்கு பேர் கொண்ட குழுவில் மூன்று பேர்தான் வேலை செய்வார்கள். திருநாவலூர் சிவசங்கர் தலைவன். அவனை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, குரல் பெரிசு. கள்ளக்குறிச்சி ராதிகாவிடம் லேப்டாப் இருந்தது. மூன்றாவது தமிழ்மொழி. நாலாவது ஆள் ஜெயப்பிரகாஷ்; அவன் பெயர் முதல் பக்கத்தில் மட்டும் இருக்கும். (இந்தக் கதையிலும் அப்படித்தான். இனி வரமாட்டான்.)

தனசேகரன் சார் நடத்திய பாடம் பயனரை மையமாக வைத்து வடிவமைப்பது. யாருக்காக ஒரு பொருளைச் செய்கிறோமோ அவரைப் போய்ப் பார்க்க வேண்டும், பேச வேண்டும், ஒரு மாதிரிப் பொருளைச் செய்து கொடுத்து, மறுபடியும் கேட்க வேண்டும். இவர்கள் குழுவுக்குச் சீட்டில் விழுந்தது கல்வராயன் மலை விவசாயிகள். சீட்டைப் பிரித்துப் படித்த தமிழ்மொழி அதைச் சட்டென்று திரும்ப மடித்தாள்.

காரணம் எளிது. அவள் கரியாலூர்க்காரி. மலையாளி என்று சொல்லப்படும் மலைப் பழங்குடியில் (கேரளத்து மலையாளி வேறு) பிறந்து, சின்னசேலத்தில் விடுதியில் தங்கிப் படித்து வந்தவள். கல்லூரியில் யார் கேட்டாலும் "சின்னசேலம்" என்பாள். ஏன் என்றால்... இதற்கு ஒரு பரோட்டா தேவைப்படுகிறது.

4

அது உள் ஒதுக்கீடு கேட்டு ஊரெங்கும் போராட்டம் நடந்த வருடம். பத்தரை சதவீதம் என்ற பேச்சு பஸ்ஸில், கேன்டீனில், சலூனில் எல்லாம் ஓடியது. யார் எந்தப் பக்கம், யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்க்காத வாய் இல்லை. சிவசங்கரும் மாமாவோடு போய் ரோட்டில் உட்கார்ந்துவிட்டு வருவான். ஒருநாள் கேன்டீனில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்:

"நாங்க வெயில்ல உக்காந்து தொண்ட கிழிய கத்திக்கினு இருக்கோம். மலைக்காரங்களுக்குப் பாரு, கேக்காமயே தனியா எடுத்து வச்சிருக்காங்க. மார்க்கு கம்மியா இருந்தாலும் சீட்டு தேடி வருது."

சொல்லிவிட்டுத் தன் தட்டிலிருந்து பாதிப் பரோட்டாவை எடுத்துத் தமிழ்மொழியின் தட்டில் வைத்தான். "நீ இன்னாடி, எப்பப் பாத்தாலும் கம்மியாவே சாப்டுற?"

அதுதான் சங்கடம். கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவள் சிவசங்கரைவிட மார்க் அதிகம் எடுத்தவள். சொல்லியிருக்கலாம். கோபம் வந்தது, கோபத்தைவிடப் பயம் ஜாஸ்தியாக வந்தது. சொன்ன பிறகு இந்தப் பாதிப் பரோட்டா வருமா? அவள் அதைப் பிய்த்துத் தின்றாள்.

(முதல் வரைவில் இந்த இடத்தில் அவளை எழுந்து நின்று, விரல் நீட்டி, "ஆமாம், நான் மலைக்காரிதான்!" என்று முழங்க வைத்திருந்தேன். படித்துப் பார்த்தேன். எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அவளுக்கு வேறொரு குணம் உண்டு, இப்போது வரும்.)

5

மலைக்குப் போய் ஆட்களைப் பார்க்க வேண்டிய அன்று சாலை மறியல். பஸ் ஓடவில்லை. மறியலில் சிவசங்கரே இருந்ததால் அவனைக் கேட்கவும் முடியவில்லை. மறுநாள் காலையில் சாரிடம் பயனரைக் காட்டியாக வேண்டும்.

"ஒரு ஆள உண்டாக்கிடலாம்" என்றான் சாயங்காலம் திரும்பி வந்த சிவசங்கர். "மலைன்னா இன்னா, டீ எஸ்டேட்டுதான?"

"கூகுள்ல பாத்தேன்டா" என்றாள் ராதிகா. "எல்லாரும் முதுகுல கூடைய மாட்டிக்கினு இருக்காங்க. முதுகு வலிக்கும்ல?"

அந்தப் படம் எந்த ஊர் மலையோ.  தமிழ்மொழியின் ஊரில் சுமை தலையில் ஏறும். இல்லாவிட்டால் டிவிஎஸ் எக்ஸெல்லில் ஏறும். முதுகில் ஏறி அவள் பார்த்ததில்லை. சொன்னால் "உனக்கு எப்படித் தெரியும்?" என்பார்கள்.

"மேப்புல மொதல்ல வந்த ஊரு கரியாலூரு, அதப் போட்டுட்டேன். பேரு வேணுமே" என்றாள் ராதிகா.

"இருசப்பன்" என்றாள் தமிழ்மொழி.

அது அவள் அப்பாவின் பெயர். ஏன் சொன்னாள்? குறும்புதான். தேயிலைத் தோட்டத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு நிற்கிற அப்பாவை நினைத்ததும் உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது. ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை.

"வண்டியில போறப்ப சத்தமா பாடுவாரு. கோவம் வந்தா சோறு துன்னமாட்டாரு. யாரு வூட்டுக்கு வந்தாலும் சும்மா அனுப்பமாட்டாரு. பொண்ணு மேல உசிரு."

ராதிகா தட்டச்சு செய்துகொண்டே வியந்தாள். "எப்பிடிடி இதெல்லாம் யோசிக்கிற? நீ கத எழுதலாம்டி."

(எழுதலாம்தான். எனக்குப் போட்டி வேண்டாம்.)

6

தனசேகரன் சார் சார்ட்டை நெடுநேரம் பார்த்தார். மற்ற குழுக்களின் பயனர்கள் எல்லாம் "நடுத்தர வயது, நடுத்தர வருமானம்" என்று உப்புச் சப்பில்லாமல் இருந்தார்கள். இந்த ஒருவர்தான் கோபத்தில் சோறு தின்னாமல் இருந்தார்.

"உயிரோட இருக்காருய்யா மனுஷன்! பிரமாதம். அடுத்த வாரம் காலேஜ் வேன்லயே போவோம். நீங்க செய்யுற மாதிரிப் பொருள இவரு முதுகுலயே மாட்டிப் பாத்துடலாம். அதுக்குத்தான் முக்கால்வாசி மார்க்கு."

வெளியே வந்ததும் ராதிகா அழுகிற நிலையில் இருந்தாள். சிவசங்கர் கலங்கவில்லை. "மேல போயி இருசப்பான்னு ஒரு சத்தம் குடு. எவனாவது திரும்புவான்."

தமிழ்மொழி அப்பாவுக்குப் போன் போட்டாள். மலையில் சிக்னல் இல்லை. மறுபடி போட்டாள். பிறகு தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்: பகலில் அப்பா கொல்லைக்காட்டில் வேலையாக இருப்பார், கடைத்தெரு பக்கம் வரமாட்டார்.

உண்மைதான், வந்திருக்கமாட்டார். கதைக்காக நான்தான் வரவழைத்தேன். தமிழ்மொழி என்னை இதற்கு மன்னிக்கப் போவதில்லை.

7

கச்சிராயபாளையம் தாண்டி வேன் மலை ஏறியது. ராதிகா வாந்தி எடுத்தாள். கொரோனா காலம் என்பதால் எல்லாருக்கும் முகக்கவசம். தமிழ்மொழி தன்னுடையதைக் கண்ணுக்குக் கீழ்வரை ஏற்றி, துப்பட்டாவையும் தலையில் போட்டுக்கொண்டாள். குளிருகிறது என்றாள். வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

கரியாலூரில் இறங்கியதும் சிவசங்கர் குரல் கொடுத்தான். "இருசப்பண்ணே!"

டீக்கடை முன்னால் ரெண்டு பேர் திரும்பினார்கள். ஒருவர் கிழவர், காது மந்தம், வேறு எதற்கோ திரும்பினார். மற்றவர் எக்ஸெல்லில் மரவள்ளி மூட்டையோடு நின்றவர்.

"நான்தாங்க. இன்னாங்க சார் விஷயம்?"

தனசேகரன் சாருக்கு ஒரே சந்தோஷம்; முகக்கவசத்தால்தான் பிள்ளைகளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். சிவசங்கருக்கு அதைவிட ஆச்சரியம். பிளாஸ்டிக் பைப்பை வளைத்து, பழைய ஸ்கூல் பை வார்களைக் கட்டிச் செய்த கூடையை எடுத்து நீட்டினார்கள். இருசப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கொழந்தைய தூக்குறதுங்களா?"

"சுமைக்குங்க. முதுகுல மாட்டணும்."

"சுமைய வண்டி தூக்கிக்கினு போவுதுங்களே" என்றவர், சார் முகம் வாடுவதைக் கண்டதும் உடனே மாட்டிக்கொண்டார். மரவள்ளி நாலைந்தை உள்ளே போட்டார்கள். பைப் கிறீச்சென்றது. கடைக்காரர் சிரிப்பை அடக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். இருசப்பன் இரண்டு எட்டு நடந்து காட்டினார்.

"நல்லாருக்குதுங்க சார். கொஞ்சங்கூட வலி இல்லீங்க."

எந்த வலி என்று அவருக்குத் தெரியாது. வந்தவர்களை வருத்தப்பட வைத்து அனுப்பக் கூடாது, அவ்வளவுதான். எல்லாருக்கும் டீ சொன்னார். டம்ளரை ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டே ஊர் கேட்டார். அங்கே அதுதான் வழக்கம். ஊர் கேட்காமல் டீ கொடுப்பது மரியாதை இல்லை.

"தம்பி எந்த ஊருங்க?"

"திருநாவலூருங்க."

"பாப்பா?"

"கள்ளக்குறிச்சி."

அடுத்த டம்ளரை நீட்டியபோதுதான் கவனித்தார். வேனுக்குப் பக்கத்தில், ராதிகாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண். கால் பெருவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்கும் அந்த நிற்பை அவருக்குத் தெரியாதா? அவர் முகம் மலர்ந்து, வாய் "பாப்..." என்று ஆரம்பித்தது. அவள் ஓடி வரவில்லை. கண்ணைக்கூட நிமிர்த்தவில்லை.

இருசப்பன் நின்றுவிட்டார். பிள்ளைகளைப் பார்த்தார், சாரைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை, போதுமான அளவு. டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, புதிதாக வந்த விருந்தாளியிடம் நீட்டுவது போல நீட்டினார்.

"இந்தப் பாப்பா எந்த ஊருங்க?"

மகளிடம் அவர் '-ங்க' போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை.

8

முடிவு அ: "சின்னசேலங்க" என்கிறாள். "நல்ல ஊருங்க" என்கிறார். வேன் இறங்குகிறது. முக்கால்வாசி மார்க் வருகிறது. (எழுதினேன். எழுதிய பிறகு அந்த மனிதர் தனியாக எக்ஸெல்லை உதைத்துக் கிளப்புவதை என்னால் பார்க்க முடியவில்லை.)

முடிவு ஆ: முகக்கவசத்தைக் கழற்றி "அப்பா!" என்கிறாள். சிவசங்கர் கண் கலங்குகிறான், எல்லாரும் கை... (கைதட்டல் வரப்போகிறது என்று தெரிந்ததும் அடித்துவிட்டேன். அன்று கரியாலூரில் யாரும் கைதட்டியிருக்கமாட்டார்கள்.)

முடிவு இ: ஜெயப்பிரகாஷ் வேனிலிருந்து இறங்கி... (இல்லை. அவன் வரமாட்டான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.)

9

ஆக, முடிவு என்னிடம் இல்லை.

மகள் பொய் சொல்வதற்கு அப்பாவே வழி விட்டு நிற்கிறார். அவர் மேல் அவளுக்குக் கோபம்கூட வருகிறது. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவமானம் தாங்கவில்லை. அது மலைக்காக இல்லை, தனக்காக. டீ ஆறிக்கொண்டிருக்கிறது. ராதிகா திரும்பி, "சொல்லுடி, கேக்குறாருல்ல" என்கிறாள்.

அவள் என்ன சொல்ல வேண்டும் என்று உங்களில் பலருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அதை நான் கேட்கவில்லை. அவள் பக்கத்தில் கையில் டம்ளரோடு சிவசங்கர் நிற்கிற இடத்தை உங்களுக்காகக் காலி செய்திருக்கிறேன். கொஞ்ச நேரம் அங்கே போய் நில்லுங்கள். அவள் வாயைத் திறக்கப் போகிறாள். திறக்கும் முன் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பாள்.